கடைவாய்ப் பல்லில் இருந்த கஸ்பார்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்கிற மாதிரியான சிரிப்பு. ஆனால் அது இப்போதே வந்துவிடாது, ஏனென்றால் அது வருவதற்கு முன்னால் ஒரு சின்னப் பையன் வாயைத் திறக்க வேண்டும், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காம்பவுண்டே அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து கெஞ்ச வேண்டும், அதற்கும் முன்னால் கப்பலுக்குப் போகிற ஒருத்தன் வாசலில் நின்று ஒன்றுமில்லாத ஒரு பேச்சைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆகவே சிரிக்கவென்று வந்தவர்கள் சிரிப்பை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜெசிந்தாவோடு நிற்கட்டும்.

ஜெசிந்தா, வீட்டில் ஜெசி, பிளஸ் ஒன் படிக்கிறாள். சொந்த ஊர் மணப்பாடு. படிப்புக்காகத் தூத்துக்குடியில் அண்ணன் கஸ்பார் வீட்டில் இருக்கிறாள். அவள் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கிறவரின் மூக்கடைத்த குரல், பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு போடுகிற சத்தம், மீன் ஏலம் விடுகிறவன் மூச்சுவிடாமல் அடுக்குகிற எண்கள், மூன்றாவது விசிலுக்கு முன்னால் குக்கர் விடுகிற பெருமூச்சு எல்லாமே அங்கே வாடகை இல்லாமல் தங்கியிருந்தன, அவள் உதட்டை அசைக்காமல் கூப்பிட்டால் வெளியே வந்து பேசிவிட்டுப் போயின. ஒருநாள் மத்தியானம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாவின் குரலில் "தண்ணி லாரி வந்துட்டு!" என்று ஒரே ஒரு தடவை சொல்லி, காம்பவுண்டு முழுவதையும் குடங்களோடு வெயிலில் ஓடவிட்ட பெருமை அவளுக்கு உண்டு. அண்ணன் குரலை மட்டும் அவள் எடுத்ததில்லை. எடுக்கத் தெரியாமல் இல்லை. அவன் கப்பலுக்குப் போனதிலிருந்து வீட்டில் அந்தக் குரலுக்கென்று ஓர் இடம் காலியாகக் கிடந்தது, அதில் போய் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தக் காம்பவுண்டில் வீடுகள் பல, குழாய் ஒன்றே ஒன்று. விடிந்ததும் எல்லோரும் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்து, குழாயைச் சுற்றி, துவைக்கிற கல்லைச் சுற்றி, கொடியில் காய்கிற துணிகளுக்கு நடுவில் கோயில் பிரகாரம் மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்து தேய்ப்பார்கள், நுரையோடு பேசுவார்கள், நுரையோடு பேசுவது நுரையோடு கேட்கிறவர்களுக்கு மட்டும் புரியும். ராத்திரி என்ன சண்டை போட்டிருந்தாலும் கொப்புளித்துத் துப்பும்போது அது சாக்கடையோடு ஓடிப்போகும், பிறகு ஒருத்தர் வீட்டுக் காப்பியை ஒருத்தர் குடிப்பார்கள். நேற்றைய பேச்சு பல்லில்தான் ஒட்டியிருக்கிறது, தேய்த்தால் போய்விடும் என்பது அங்கே யாரும் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதாக இருக்கவில்லை.

தேய்க்காதவன் ஒருத்தன் மட்டும் இருந்தான். கஸ்பாரின் மகன் நேவிஸ். நடக்கத் தெரியும், ஓடத் தெரியும், பிரஷ்ஷைக் கண்டால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகத் தெரியும். அப்படியிருக்க ஒருநாள் காலையில் அவன் தாய் அமலி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள், அவன் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான், அந்தக் கொட்டாவிக்குள்ளிருந்து, முன்பல்லிலிருந்து, தையல்காரி மர்சலினின் குரல் சுத்தமாக வெளியே வந்தது.

"சந்தியாகு அண்ணன் மக்ரூன்ல முந்திரி எங்க இருக்கு? பூராவும் சீனிதான்."

மக்ரூன் என்கிற முந்திரி இனிப்பைப் போடுகிற சந்தியாகு அங்கேதான் பனியனோடு நின்றிருந்தார். நுரை தாடியில் வழிந்தது. நிதானமாகத் துப்பினார்.

"சீனி அம்புட்டா கூடிட்டு, மர்சலின்?"

"நான் எங்க சொன்னேன்? பல்லுல்லா சொல்லுது."

"கொரலு ஒன்னோடதுல்லா."

"கொரலு என்னோடதா இருந்தா? நான் ஒங்க கிட்டயா சொன்னேன், அமலிட்டதான சொன்னேன்!"

பல் பேசலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. சீனியைப் பற்றித்தான் வெயில் ஏறும்வரை பேச்சு. சந்தியாகு குனிந்து அந்த முன்பல்லைப் பார்த்து, "என் மக்ரூன ஊரே திங்குது, ஒனக்கென்ன கேடு?" என்று கேட்டுக்கூடப் பார்த்தார். பல் பதில் சொல்லவில்லை. பல்லுக்குக் கேட்டதைத் திரும்பச் சொல்லத்தான் தெரியும், பதில் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு காம்பவுண்டு நேவிஸின் வாய்க்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. கொடுக்கல் வாங்கல் பேச்செல்லாம் அவன் இல்லாத பக்கமாக நகர்ந்தது. புருஷன் பெண்சாதி வாக்குவாதம் முற்றினால், "இப்ப சொன்னத நாளைக்கு இல்லன்னு சொல்லுவீரு, வாரும்" என்று அவனைத் தூக்கி நடுவில் உட்காரவைத்துச் சண்டையைத் தொடர்ந்தார்கள். மர்சலினுக்கு ஞாபகமறதி, சாயங்காலம் ஜாக்கெட் அளவை அவன் முகத்துக்கு நேரே நின்று சொல்லிவிட்டுப் போவாள், காலையில் கத்தரிக்கோலோடு வந்து, "எங்கண்ணுல்லா, கொட்டாவி விடு ராசா" என்று காத்திருப்பாள். வீட்டுக்கார அம்மா மட்டும் அவனைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வாடகை கேட்பதைக்கூடக் கையாலேயே கேட்டாள். காம்பவுண்டில் அத்தனை மரியாதையாக யாரும் பேசிக்கொண்டதில்லை. ஜெசிக்குத்தான் பொறாமை. இத்தனை வருஷம் அவள் தொண்டை கட்டிச் சேர்த்த குரல்களையெல்லாம் ஒரு பொடியன் வாயைத் திறந்தே சம்பாதித்துவிட்டானே என்று கணக்கு நோட்டைத் தொடையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் முன்பற்கள் பேசி முடித்த பிறகு, எல்லோரும் அவரவர் வேலைக்குப் போன பிறகு, கடைசியாக ஒரு பல் பேசும். அது கீழ்வரிசையில், இடது பக்கம், கடைவாய்ப் பல். கஸ்பார் கப்பலுக்குப் போன அன்றைக்குத்தான் அது ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. அது இந்த உலகத்தில் முதன்முதலாகக் கேட்ட பேச்சு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற கஸ்பாரின் பேச்சு. முன்பற்கள் சிலேட்டு மாதிரி தினமும் அழித்து எழுதிக்கொண்டன. அந்தப் பல் மட்டும் முதலில் கேட்டதை விடவே இல்லை.

"அமலி, கதவச் சாத்திக்கோ. காத்து வருது."

அவ்வளவுதான். அதைவிட நல்லதாக எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் மூட்டையும் கையுமாக நிற்கிறவனுக்கு அதுதான் வாயில் வந்தது. கஸ்பாரின் கப்பல் எங்கோ ஒரு நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே, ஏதோ வழக்கு என்று நங்கூரம் போட்டு நிற்கிறது; அங்கிருந்து போன் வராது; ஏஜெண்டு ஆபீஸில் கேட்டால் "வந்துருவாங்கம்மா" என்பார்கள், போன மாதமும் அதையேதான் சொன்னார்கள். ஆகவே அமலி காலையில் மகனை மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கடைசிப் பல் பேசுகிறவரைக்கும் உலை வைக்காமல் உட்கார்ந்திருப்பாள். பேசியதும் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள். பிறகு திறப்பாள். பிறகுதான் அடுப்பு.

அந்தப் பல்தான் கறுக்கத் தொடங்கியது.

முதலில் எள் அளவு. பிறகு மிளகு அளவு. நேவிஸ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சோற்றை ஒரு பக்கமாகவே மென்றான். பல் டாக்டரம்மா சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, பல் பேசுவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்கு அதைவிடக் கஷ்டமான வாய்களெல்லாம் வந்துகொண்டிருந்தன, "இன்னைலருந்து தேய்ச்சா இதோட நிக்கும். தேய்க்காட்டி இந்தப் பல்ல எடுக்கதத் தவிர வழியில்ல," என்றாள். அமலி அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தேய்த்தால் குரல் போய்விடும். தேய்க்காவிட்டால் பல்லே போய்விடும், குரலும் அதோடு போய்விடும். வீட்டுக்கு வந்து ஜெசியிடம், "நீ தேய்ச்சு விடு ஜெசி. என்னால ஆகாது," என்று மட்டும் சொன்னாள்.

ஜெசி தேய்க்கப் போனாள். நேவிஸ் உதட்டை மடித்துக்கொண்டான். சந்தியாகு பிரஷ்ஷில் சீனி தூவிப் பார்த்தார், அமலி அவரைப் பார்த்த பார்வையில் சீனியை ஊதிவிட்டார். மர்சலின் போலீஸ் வரும் என்றாள். போலீஸ் மாதிரியே ஜெசி வெளியே நின்று குரல் கொடுத்தாள். நேவிஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து அதே குரலில் ஜெசியை ஒரு அதட்டு அதட்டினான். காம்பவுண்டு முழுவதும் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு பிரஷ்ஷோடு, தேவைக்கு மேலேயே வாயைத் திறந்து தேய்த்துக் காட்டியது, கெஞ்சியது, பலூன் ஊதியது. கடைசியில் ஜெசி கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து, "என்னலே ஒனக்குப் பிரச்சன?" என்று கேட்டாள்.

"அப்பா உள்ள இருக்கு," என்றான் நேவிஸ், உதடு திறக்காமல். "பிரஷ் வந்தா அப்பா போயிரும்."

ஜெசிக்குத் தலை கட்டிலில் இடித்துக்கொண்டது. இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனாகவே வாயைப் பூட்டிச் சாவியை விழுங்கி வைத்திருந்தான்.

மறுநாள் காலை அவள் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அவனைத் துரத்தவில்லை. குழாயடியில் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் அவனை உட்காரவைத்து, அவன் எதிரில் சும்மா உட்கார்ந்தாள். அவள் உதடு அசையவில்லை. ஆனால் அவன் வாய்க்குள்ளிருந்து, முன்பல்லிலிருந்து, சந்தியாகுவின் குரல் முனகியது: "லேய் நேவிசு, முதுகு அரிக்குலே, கொஞ்சம் தேய்ச்சு விடுவியா? மாவு பூராவும் அப்பிக் கெடக்கு."

நேவிஸ் நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தான். வாய் கொஞ்சம் திறந்தது. பிரஷ் உள்ளே போய்ச் சந்தியாகு மாமாவின் முதுகைத் தேய்த்தது. "ஆஹா," என்றது முன்பல், "நீ நல்லாருப்ப." அடுத்த பல்லில் மர்சலின் உட்கார்ந்திருந்தாள், "ஐயோ மெதுவா, தையல் பிரிஞ்சிரும்," என்றாள். அதற்கடுத்ததில் வீட்டுக்கார அம்மா, குளிக்கும்போதுகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அதற்கடுத்ததில் பஸ் கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ, பின்னால எடம் இருக்கு," என்றார், பிரஷ் உள்ளே போயிற்று. ஒவ்வொரு பல்லாக ஊர் குளித்தது, நுரை தாடைவரை வழிந்தது, நேவிஸ் கால்களை ஆட்டிக்கொண்டு ஊரைக் குளிப்பாட்டினான். கடைவாய்க்கு வந்ததும் டப்பென்று வாய் மூடியது. பிரஷ் பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

சிரிப்பு எங்கே என்று கேட்பவர்களுக்கு: வந்துகொண்டிருக்கிறது, பக்கத்துத் தெருவரை வந்துவிட்டது. இப்போது மட்டும் யாரும் சிரிக்க வேண்டாம், ஏனென்றால் ஜெசி கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை நாளும் காலியாக விட்டிருந்த அந்த இடத்துக்குள் போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் சோம்பல், கடைசி எழுத்தைக் கீழே போட்டுவிடுகிற பழக்கம்.

"மக்கா," என்றது கடைவாய்ப் பல். "அப்பாவுக்குக் குளிச்சே ரொம்ப நாளாச்சுலே. உப்பு பூராவும் ஒட்டிக் கெடக்கு."

நேவிஸ் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்தான். பிறகு, சர்ச் கதவு திறக்கிற மாதிரி, அந்த வாய் மெதுவாக, முழுசாகத் திறந்தது.

அவள் தேய்த்தாள். அவன் கொப்புளித்துத் துப்பினான். அந்த நுரை சிமெண்டுச் சாக்கடையில் ஓடும்போது அதன் குமிழ்களுக்குள்ளிருந்து, அசலான கஸ்பார், ஒரே ஒரு தடவை, போகிற போக்கில் சொன்னான்: "அமலி, கதவச் சாத்திக்கோ. காத்து வருது." துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு அந்தக் குரல் ஓடியது, பிறகு தெருச் சாக்கடையில் விழுந்து, கடல் இருக்கிற பக்கமாகப் போனது. துவைக்கிற கல்லில் அமலி குனிந்து துணி அடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கிற சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று ஜெசி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் நேவிஸ் கொட்டாவி விட்டான். கடைவாயில் அந்த மிளகுப் புள்ளி தவிர அரிசிப் பல்வரிசை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு குரலும் வரவில்லை. மர்சலின் கத்தரிக்கோலோடு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, இஞ்ச் டேப்பைத் தேடிப் போனாள். எல்லோரும் போன பிறகு அமலி வழக்கம்போல மகனை மடியில் போட்டுக்கொண்டு, உலை வைக்காமல், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பையோடு நின்ற ஜெசிக்கு அந்த முதுகைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் உதடு அசையவில்லை.

"அமலி, கதவச் சாத்திக்கோ. காத்து வருது."

அமலியின் முதுகு ஒரு கணம் நிமிர்ந்தது. அவள் எழுந்து வருவதற்குள் ஜெசி வாசலுக்கு வெளியே நழுவிவிட்டாள். அமலி கதவைச் சாத்தினாள், திறந்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். ஜெசிக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் கம்பியில் தாளம் போட்டாள். லாரி வந்ததாகச் சொன்னதெல்லாம் ஒரு ஏமாத்தா? இதுவல்லவா ஏமாத்து!

அப்படியே காலைகள் போயின. நேவிஸ் வாளிமேல் உட்கார்ந்து ஊரைக் குளிப்பாட்டினான், பிறகு மடிக்குப் போனான், கதவுக்குப் பின்னாலிருந்து கஸ்பார் பேசினான். ஒருநாள் அமலி மகனின் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

ஜெசிக்குத் திக்கென்றது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "சாப்பிட்டேன்."

"என்ன சாப்பாடு?"

"கப்பல்ல என்ன? ரொட்டியும் கோழியும்."

"இங்க ஒங்க தங்கச்சி தின்ன தட்ட தின்ன எடத்துலயே போட்டுட்டுப் போறா. நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

ஜெசி யோசித்தாள். அண்ணனாக இருந்தால் திட்டாமல் விடமாட்டான். குரலை எடுத்தால் ஆளையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், பாதி எடுப்பது அவளுக்குக் கேவலம். "ஏட்டி ஜெசி," என்று அதட்டியது கஸ்பாரின் குரல், "தட்டக் கழுவு."

பிறகு அவளே கதவைச் சுற்றிக்கொண்டு, கண்ணைத் தேய்த்துக்கொண்டு, இப்போதுதான் வருகிறவள் மாதிரி வந்தாள். "என்ன மைனி, அண்ணன் கொரலு கேட்டுச்சு?"

"தட்டக் கழுவச் சொல்லுதாரு," என்றாள் அமலி.

கழுவினாள். அதற்கடுத்து, தண்ணீர் பிடிக்க ஆளில்லை என்று அமலி கப்பலுக்கு முறையிட்டாள், ஜெசி குடம் சுமந்தாள். கரி பிடித்த பானை, ஒட்டடை, நேவிஸின் துணிகள், மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்துக்குக் காக்காய்க் காவல். கஸ்பார் பொறுப்பான அண்ணனாக நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தான். ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் படுக்கச் சொல்லி அவன் கண்டித்தபோது ஜெசிக்கே கொஞ்சம் பயம் வந்தது. ஒரே ஒரு தடவை அவள் தனக்காகப் பேசிப் பார்த்தாள்: "பாவம் அமலி, ஜெசி கஷ்டப்பட்டுப் படிக்கா. ஒரு பாக்கெட்டு மக்ரூன் வாங்கிக் குடேன்."

"வேண்டாங்க," என்றாள் அமலி. "பல்லு சொத்தையாயிரும்."

காம்பவுண்டு இதையும் எடுத்துக்கொண்டது. காலையில் அமலி வீட்டு ஜன்னலோரமாகச் சுற்றித் தேய்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். "கஸ்பாரு ஊர்ல இருந்தப்பகூட இம்புட்டு வேல வாங்கல," என்றார் சந்தியாகு. மர்சலின் தோளைக் குலுக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் ஓடினாள், நுரை மூக்கில் ஏறிவிட்டது என்றாள். ஜெசிக்கு அவர்கள் மேல் இரக்கமாக இருந்தது. ஒருத்தருக்காவது சந்தேகம் வருகிறதா பார், என்று கைநிறையக் கரியோடு பானையைத் தேய்த்துக்கொண்டே நினைத்தாள், ஊரையே ஏமாத்திட்டனே.

கப்பலுக்குப் புறப்பட அனுமதி கிடைத்துவிட்டது என்று ஏஜெண்டு ஆபீஸில் சொன்னார்கள். அமலி ஒரு சனிக்கிழமை காலையில், தானே கடற்கரைக்குப் போய், ஒரு பெரிய சட்டி நிறையச் சாளை மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். சாளை என்றால் ஜெசிக்குச் சாப்பிடப் பிடிக்கும், செதில் உரிக்கப் பிடிக்காது. ரெண்டு நாளைக்கு நகக்கண்ணில் நாறும். அவள் பழக்கதோஷத்தில் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். உள்ளே அமலி வாசலுக்கு முதுகைக் காட்டிச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க," என்றாள் அமலி, "இம்புட்டுச் சாளையும் யாரு கழுவுறது?"

அண்ணன் என்ன சொல்வான் என்று ஜெசிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கரகரப்பும் சோம்பலும் உப்புமாகக் குரல் வந்தது, அதுவரை அவள் எடுத்ததிலேயே அதுதான் அசல்.

"ஏன், ஜெசி இருக்காள்ல. அவ கழுவுவா."

வெளியே குழாயடியில் திடீரென்று ஒரு கும்மாளம் எழுந்தது. ஜெசி கதவிடுக்கில் பார்த்தாள். கவிழ்த்துப்போட்ட வாளிமேல், சந்தியாகுவுக்கும் மர்சலினுக்கும் நடுவில், முழங்கைவரை நுரையோடு நேவிஸ் நின்றுகொண்டிருந்தான். யாரும் பிடித்துக்கொள்ளாமல், தலையை ஒரு பக்கம் சாய்த்து, கீழ்வரிசையில் இடது பக்கக் கடைவாய்ப் பல்லைத் தானே மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஜெசி மெதுவாக உள்ளே திரும்பிப் பார்த்தாள். அமலியின் மடி காலியாக இருந்தது. அறையில் அமலியும் சாளையும்தான்.

அமலி திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாக ஆடியது. ஒற்றைக் காலால் சட்டியை நெம்பிவிட்டாள். அது சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு, கதவைத் தாண்டி வந்து, ஜெசியின் கால்விரல்களில் இடித்து நின்றது.

"கேட்டுச்சுல்லா ஜெசி," என்றாள் அமலி, "ஒங்கண்ணன் சொன்னது?"

ஜெசியின் வாய் திறந்தது. அதிலிருந்து யார் குரலும் வரவில்லை.